எஞ்சினைத் திருப்பி வைத்தார்கள், காரே மாறியது

1971 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில், வடிவமைப்பு நிறுவனமான பெர்டோனேயின் அரங்கில் ஒரு மஞ்சள் கார் நின்றது. லம்போர்கினி கவுன்டாச்சின் முதல் மாதிரி அது. மூக்கு நுனியிலிருந்து கூரைவரை ஏறக்குறைய ஒரே சரிவு. திறந்தால் மேல்நோக்கி எழும் கதவுகள். ஓவியரின் கற்பனை என்றே தோன்றும் இந்த உருவத்துக்கு அடித்தளம், உள்ளே இருந்த இயந்திர அமைப்புதான்.

லம்போர்கினியின் முந்தைய காரான மியூராவில் 12 சிலிண்டர் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் இருந்தது. கியர் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு நீண்ட இணைப்பு தேவைப்பட்டது. அதிவேகத்தில் காரின் முன்பக்கம் பிடிப்பிழந்து லேசாகும். எனவே பொறியாளர் பாவ்லோ ஸ்டான்சானி எஞ்சினை நீளவாட்டில் வைத்தார். கியர்பாக்ஸை அதன் பின்னால் பொருத்தினால் வால் நீளும், எடையும் பின்னே குவியும். அதனால் எல்லாவற்றையும் முன்பின்னாகத் திருப்பினார். கியர்பாக்ஸ் இரு இருக்கைகளுக்கும் நடுவே வந்தது. லீவர் அதன் மேலேயே நின்றது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியை ஊடுருவிச் செல்லும் ஒரு தண்டு, விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோனது. அதற்காக எஞ்சினைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. ஆனாலும் முன்பின் சக்கரங்களின் இடைவெளி மியூராவைவிட 5 செ.மீ. குறைந்தது.

இப்படி முன்னே தள்ளப்பட்ட இருக்கைகளின் மேல்தான் பெர்டோனேயின் மார்செல்லோ காந்தினி தன் கோட்டை இழுத்தார். உயரம் வெறும் 107 செ.மீ. மேலெழும் கதவை அவர் 1968-இல் ஆல்ஃபா ரோமியோ காராபோ என்ற மாதிரிக் காரிலேயே செய்து காட்டியிருந்தார். அகலமான இந்தக் காரில் அது நெருக்கடியான இடத்திலும் இறங்க உதவியது. பின்கண்ணாடி வழியே அதிகம் தெரியாததால், கதவைத் தூக்கி, விளிம்பில் அமர்ந்து பின்னால் பார்த்தபடியே ரிவர்ஸ் எடுப்பது ஓட்டுநர்களின் வழக்கமானது.

சோதனை ஓட்டங்களில் எஞ்சின் சூடேறியது. காற்று போதவில்லை. ஆகவே 1974-இல் விற்பனைக்கு வந்த கவுன்டாச் எல்பி400-இன் தோள்களில் பெட்டி போன்ற காற்றுவாய்களும் பக்கங்களில் ஆழமான பள்ளங்களும் சேர்ந்தன. பிற்காலத்தில் காரின் அடையாளமாகவே ஆகிவிட்ட அவை, தேவையால் வந்தவை.

1990-இல் கவுன்டாச்சின் உற்பத்தி நின்றது. டியாப்லோ, முர்சியேலாகோ, அவென்டடோர், 2023-இல் வந்த ரெவுவெல்டோ என 12 சிலிண்டர் வாரிசுகள் அனைத்திலும் அதே கதவு எழுகிறது. 10 சிலிண்டர் கொண்ட கயார்டோவுக்கும் உரகானுக்கும் சாதாரணக் கதவுதான். காந்தினி 2024-இல் மறைந்தார். பொறியாளரும் வடிவமைப்பாளரும் ஒரே சிக்கலை இரு பக்கமிருந்து அவிழ்த்ததால்தான், அரை நூற்றாண்டு கடந்தும் அந்த வடிவம் பழசாகவில்லை.