கையொப்பமிடாத துறவு: இரமண மகரிஷியின் வாழ்வில் துறவும் உடைமையும்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியத் துறவு மரபு துறவைச் சடங்கால் வரையறுக்கிறது. அச்சடங்கைச் சான்றாகக் கொண்டே சட்டம் துறவியின் உடைமை உரிமையை முடிவுசெய்கிறது. எவரிடமும் தீட்சை பெறாமல் துறவியாய் வாழ்ந்த இரமண மகரிஷி (1879–1950) இவ்விரு வரையறைகளுக்குள்ளும் முழுமையாக அடங்காதவர். அவர் 1896இல் எழுதிய விடைபெறு குறிப்பு, 1936இல் அளித்த சாட்சியம், 1938இல் செய்த உயில் ஆகிய மூன்றையும் இணைத்து நோக்கி, அவரது துறவின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துறவு, உடைமை, அதியாசிரமம், இரமண மகரிஷி, அருணாசலம், உயில்

முன்னுரை

சந்நியாசம் ஏற்பவர் விரஜா ஓமம் செய்து, குடுமியையும் பூணூலையும் களைந்து, தமக்குரிய நீத்தார் கடனைத் தாமே ஆற்றி, குருவிடம் புதிய பெயரும் காவியுடையும் பெறுவது மரபு. இந்துச் சட்ட மரபும் இதனை ஒட்டியே அமைந்தது. முறைப்படி துறவு பூண்டவர் உலகியல் நிலையில் இறந்தவராகக் கருதப்பட்டார். குடும்பச் சொத்தில் அவரது உரிமை நீங்கியது. துறவுக்குப் பின் அவரிடம் சேரும் பொருள் குருதி உறவினர்க்கன்றிச் சீடர் வழிக்கே உரியதாயிற்று. காவி உடுத்தியமை மட்டும் இதற்குப் போதாது. உரிய சடங்குகள் நிகழ்ந்தமை நிறுவப்பட வேண்டும் என நீதிமன்றங்கள் கருதின.

எனவே, சடங்கே செய்யாத ஒருவர் துறவியா, அவர் பெயரால் சேரும் பொருள் யாருடையது என்னும் வினாக்கள் எழுகின்றன. இரமணரின் வாழ்நாளிலேயே இவை நீதிமன்றம் வரை சென்றன.

சடங்கின்றி நிகழ்ந்த துறவு

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மதுரையில் மரண அச்சம் ஒன்றுக்கு ஆளானார். இறப்பது உடலே, அதனை அறிந்துநிற்கும் தான் இறப்பதில்லை என்னும் தெளிவு அவ்வனுபவத்தில் அவருக்கு வாய்த்தது. ஆகஸ்ட் 29ஆம் நாள் வீட்டைவிட்டு வெளியேறினார். தமையனின் கல்லூரிக் கட்டணத்திற்காக வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, எஞ்சிய 2 ரூபாயை ஒரு குறிப்புடன் விட்டுச் சென்றார்.

அக்குறிப்பின் மொழிநடை கூர்ந்து நோக்கத்தக்கது. ‘நான்’ எனத் தன்மையில் தொடங்கும் அது, அடுத்த தொடரிலேயே ‘இது’ என அஃறிணைச் சுட்டுக்கு மாறுகிறது. கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் கோடுகளே உள்ளன. வீட்டைத் துறப்பதற்கு முன்பே, வீட்டைத் துறப்பவர் என்னும் தன்மைச் சொல் அக்குறிப்பில் கைவிடப்படுகிறது.

செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தவர், அய்யங்குளத்தருகே தலையை மழித்து, பூணூலைக் களைந்து, வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கி, கையிலிருந்த காசையும் எறிந்தார். சந்நியாசச் சடங்கின் புறக்கூறுகள் சில இங்குக் காணப்படினும் குரு, ஓமம், மந்திரம், புதுப்பெயர் எவையும் இல்லை. ‘இரமணர்’ என்னும் பெயரும் 1907இல் காவியகண்ட கணபதி முனிவர் வழங்கியதே. பாதாள லிங்கத்தில் பூச்சிகள் அரித்த உடலையும் உணராது அமர்ந்திருந்த இளைஞரை ஊரார் துறவியென ஏற்றது, சடங்கைக் கண்டு அன்று. அவரது இருப்பைக் கண்டே எனலாம்.

பிச்சையும் பாடலும்

1899 முதல் 1916 வரை இரமணர் விரூபாட்சி குகையில் தங்கினார். உடனிருந்த சாதுக்கள் ஊருக்குள் சென்று பெற்றுவந்த பிச்சையே அனைவர்க்கும் உணவாயிற்று. அவர்கள் பாடிச்சென்ற பாடலைப் பிற இரவலரும் பாடத் தொடங்கியதால், இரமணரின் குழுவினரை இல்லத்தார் பிரித்தறிய இயலவில்லை. தமக்கெனத் தனிப்பாடல் வேண்டுமென அவர்கள் கேட்ட சூழலில் தோன்றியதே அருணாசல அட்சரமணமாலை. 108 கண்ணிகளால் ஆகிய இந்நூல் அருணாசலத்தைத் தலைவனாகவும் உயிரைத் தலைவியாகவும் கொண்டு, அவ்விருமையின் நீக்கத்தை வேண்டுகிறது.

‘நான் யார்?’ என்னும் விசாரணையை வழியாகக் காட்டியவர், தன்னை இழத்தலைப் பக்தியின் மொழியிலும் பாடினார் என்பதற்கு இது சான்றாகும். மேலும், தான் என்பதற்று நிற்பதைப் பாடும் நூல், தம் குழுவை அடையாளப்படுத்தும் உலகியல் தேவையை முன்னிட்டே பிறந்தது. அகத்தே உடைமை உணர்வு அற்றிருப்பினும் புறத்தே ஒரு குழுவும் அதற்கோர் அடையாளமும் உருவாவதை அவரது வாழ்வில் முதன்முதலாக இங்குக் காணலாம்.

ஆசிரமத்தின் தோற்றம்

மகனை வீட்டிற்கு அழைக்க 1898இல் வந்து வெறுங்கையுடன் திரும்பிய தாய் அழகம்மாள், 1916இல் மகனுடனேயே தங்கினார். மலையில் முறையான சமையல் அவரால் தொடங்கியது. பிச்சை வாழ்வு படிப்படியாக மாறியது. 1922 மே 19ஆம் நாள் அவர் மறைந்தபோது, உடல் எரியூட்டப்படாமல் துறவியர்க்குரிய முறையில் அடக்கம் செய்யப்பட்டது. ஞானம் பெற்ற பெண்ணின் உடலையும் எரித்தல் கூடாது என்னும் கருத்தை இரமணர் முன்னரே கூறியிருந்தார்; இரமண கீதையில் அது பதிவாகியுள்ளது. அச்சமாதிமேல் நிறுவப்பட்ட இலிங்கம் மாத்ருபூதேசுவரர் எனப் பெயர்பெற்றது. அதனைச் சுற்றி ஆசிரமம் வளர, நிலமும் கட்டடமும் காணிக்கையும் சேர்ந்தன.

சாட்சியமும் உயிலும்

ஆசிரம நிருவாக உரிமையைக் கோரி முன்னாள் தொண்டர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அதன்பொருட்டு 1936இல் ஆசிரமத்திலேயே இரமணரிடம் சாட்சியம் பெறப்பட்டது. நான்கு ஆசிரமங்களுள் எதனைச் சார்ந்தவர் என்னும் வினாவிற்கு, அவற்றைக் கடந்த அதியாசிரமம் என விடையளித்தார். சுவேதாசுவதர உபநிடதத்தின் இறுதிப்பகுதியில் இடம்பெறும் பழைய கருத்தாக்கம் இது. காணிக்கைகள் யாருக்கு அளிக்கப்படுகின்றன என்று வினவியபோது, சுவாமிக்கு அளிக்கப்படுகின்றன என்றும், உலகம் இவ்வுடலையே சுவாமியாகக் கருதுகிறது என்றும் விளக்கினார். சொத்தைத் தாம் நாடவில்லை. அது வந்து சேர்ந்தது. அதன்பால் விருப்பும் வெறுப்பும் இல்லை என்பதே அவரது நிலைப்பாடு.

இவ்விடை சட்ட நோக்கிலும் முக்கியமானது. முறைப்படி சந்நியாசம் பெற்றவராயின், சொத்தைப் பற்றி முடிவெடுக்கும் அவரது தகுதியே ஐயத்திற்குள்ளாகும். இல்லறத்தார் எனில், அவரது வாழ்வே மறுக்கப்பட்டதாகும். அதியாசிரமம் என்னும் விடை இவ்விரு முடிவுகளையும் விலக்கியது.

1938இல் செய்யப்பட்ட உயில் ஆசிரமச் சொத்துக்களை மாத்ருபூதேசுவரருக்கு உரியனவாக்கியது. தெய்வத்திருவுருவை உடைமைக்குரிய ஆளாக இந்துச் சட்டம் ஏற்பதால் இஃது இயன்றது. நிருவாகம் தம்பி நிரஞ்சனானந்தருக்கும், பின்னர் அவர் மகன் வழியினர்க்கும் அளிக்கப்பட்டது. உயிலில் இரமணர் பெயரெழுதிக் கையொப்பமிடவில்லை. ஒரு கோடு மட்டும் இட்டார்.

நிருவாகம் குருதி வழியில் செல்வது துறவுக்கு முரண் என்னும் விமரிசனம் எளிதில் தள்ளத்தக்கதன்று. முறைப்படி காவி பெற்ற தம்பியின் குடும்ப வழியே இங்கு உரிமை பெறுகிறது. எனினும் இரமணர் சொத்தைத் தமதாக்கி உறவினர்க்கு அளித்தார் எனக் கொள்ள உயில் இடம்தரவில்லை. உடைமை தெய்வத்தினது, குடும்பத்தினது பராமரிப்புப் பொறுப்பே. இவ்வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு காக்கப்படுகிறது என்பது நிறுவன வரலாறு விடைகூற வேண்டிய வினா.

முடிவுரை

‘யான்’, ‘எனது’ என்னும் இருவகைப் பற்றினையும் திருக்குறளின் துறவு அதிகாரம் இணைத்தே பேசுகிறது. சடங்குவழித் துறவும் சட்டமும் இவற்றுள் ‘எனது’ என்பதன் நீக்கத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன. அதனைப் புறத்தே காட்ட இயலும் என்பது அதற்குக் காரணமாகலாம். இரமணரின் துறவோ ‘யான்’ என்பதிலிருந்து தொடங்கியது. அதனால் உடைமை அவரைச் சூழ்ந்தபோது அவர் அதனை ஏற்கவும் இல்லை, விட்டோடவும் இல்லை. 16 வயதில் எழுதிய குறிப்பிலும் 58 வயதில் செய்த உயிலிலும் கையொப்பத்தின் இடத்தில் கோடே இருப்பது இந்நிலைப்பாட்டின் தொடர்ச்சியைக் காட்டுகிறது. துறவியர் வாழ்வை ஆராய்வோர் உபதேச நூல்களோடு உயில், சாட்சியம் போன்ற ஆவணங்களையும் மூலங்களாகக் கொள்ளும்போது, துறவின் கோட்பாடு நடைமுறையோடு மோதும் இடங்கள் தெளிவாகப் புலப்படும்.