கேள்வி நேரத்தில் உருவாகும் அறிவியல்

சிங்கப்பூர்ச் சைனாடவுனின் தெலுக் ஆயர் தெருவில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே எழுப்பிய நாகூர் தர்காவும், ஹொக்கியன் சீனர்கள் 1839இல் தொடங்கி 1842இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் கோயிலும் ஒரே வரிசையில் நிற்பது தற்செயலன்று. பாய்மரக் கப்பலில் வாரக்கணக்காகப் பயணம் செய்து உயிரோடு கரை சேர்ந்தவர்கள் முதலில் கால்வைத்த இடம் அதுவே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அருகிலிருந்த வாலிச் குன்றை வெட்டிய மண்ணால் தெலுக் ஆயர் விரிகுடா தூர்க்கப்பட்டது. பின்னர் மரினா பகுதியும் கடலிலிருந்து மீட்கப்பட்டதால், கடற்கரைத் தெருவாக இருந்தது இன்று வானளாவிய அலுவலகங்களுக்குப் பின்னால் ஒதுங்கிய தெருவாகிவிட்டது. கடலை இவ்வாறு தள்ளிவைத்த நகரத்துக்கு அது எவ்வளவு உயரத்தில் திரும்பி வரும் என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது.

சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 2019ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், நீண்ட காலத்தில் கரையோரப் பாதுகாப்புக்கு 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்றார். 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வோ, கரிம வாயு வெளியேற்றம் மிகுந்திருக்கும் நிலையில் 2100க்குள் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று கணித்தது. இந்த எண்ணைத் தனியே தரக்கூடிய துறை எதுவும் இல்லை. துருவப் பனி உருகும் வேகத்தை இயற்பியலாளரும், நிலம் எழுவதையும் தாழ்வதையும் நிலவியலாளரும், பழைய கரை எங்கே இருந்தது என்பதைத் தொல்லியலாளரும், எந்தக் குடியிருப்பை முதலில் காப்பது என்பதைச் சமூகவியலாளரும் பேச வேண்டியிருப்பதால், இவர்கள் அனைவரையும் ஒரே அறையில் அமரவைக்கும் அமைப்பு ஒன்று தேவையாகிறது.

அந்த அமைப்புக்குத்தான் பல்துறை ஆய்வு நிலையம் என்று பெயர். பல்கலைக்கழகத்தின் வழக்கமான துறைகள் பாடத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆய்வு நிலையமோ ஒரு கேள்வியை அல்லது ஒரு நிலப்பரப்பை நடுவில் வைத்து அதைச் சுற்றிப் பல துறையினரைச் சேர்ப்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2001இல் நிறுவப்பட்டு, தென்கிழக்காசிய வரலாற்றறிஞர் ஆன்டனி ரீட் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஆசிய ஆய்வுக் கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2009இல் நிலநடுக்க ஆய்வாளர் கெர்ரி சீ தலைமையில் தொடங்கிய புவி ஆய்வகம், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் 125 மில்லியன் வெள்ளி ஆய்வுத் திட்டத்தின் பகுதியாக 2023 செப்டம்பரில் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான கரையோரப் பாதுகாப்பு, வெள்ளத் தாங்குதிறன் ஆய்வு நிலையம் ஆகிய மூன்றும் இவ்வகையின.

இத்தகைய நிலையங்களின் நிகழ்ச்சி அட்டவணையில் ஆய்வுரை, பட்டறை, மாநாடு, நூல் அறிமுகம் எனப் பல பெயர்கள் இருந்தாலும் ஆதாரமானது ஆய்வுரையே. பேச்சாளர் இன்னும் அச்சேறாத ஆய்வொன்றை முக்கால் மணி நேரம் விளக்குவார். பிறகு கேள்வி நேரம் தொடங்கும். அச்சான கட்டுரையைப் பேச்சாளரின் துறைக்காரர்களே ஏற்கனவே மதிப்பிட்டிருப்பார்கள். அவர்கள் ஒருபோதும் கேட்டிராத கேள்வியை வேறு துறைக்காரர் கேட்கக்கூடிய இடம் இந்த அறை ஒன்றுதான் என்பதால், அட்டவணையில் தலைப்புகளைவிட யார் யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்பதே முக்கியம்.

இந்த முறை என்ன தர முடியும் என்பதற்கு, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பங்கேற்று 2019இல் வெளியான அச்சே ஆய்வைவிடச் சிறந்த சான்று காண்பது கடினம். சுமத்ராவின் வட முனையான அச்சே, தமிழருக்கு அன்னியமான நிலமன்று. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜேந்திரனின் கடற்படை சென்ற ஊர்களைப் பட்டியலிடும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இலாமுரிதேசத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அதே துறைமுகத்தை மார்க்கோ போலோ லாம்ப்ரி என்று குறித்தார். வணிகக் குழுவான ஐந்நூற்றுவர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு அதே தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே கிடைத்தது.

இலாமுரியோடு பெரும்பாலான ஆய்வாளர்கள் பொருத்திப் பார்க்கும் இன்றைய லாம்ரே, கடலை நோக்கி நீளும் மேட்டு நிலம். அதிலும் அதையொட்டிய தாழ்நிலக் கரையிலும் தொல்லியலாளர் பேட்ரிக் டேலியின் குழு ஊர் ஊராக நடந்து, மண்ணில் சிதறிக் கிடந்த பீங்கான் ஓடுகளையும் பழைய இஸ்லாமியக் கல்லறைக் கற்களையும் பல்லாயிரக்கணக்கில் பதிவு செய்தது. சீனச் சூளைகளின் பீங்கானில் வண்ணப்பூச்சும் வடிவமும் காலத்துக்குக் காலம் மாறுவதால் உடைந்த ஓடுகூட ஏறத்தாழ எந்தத் தலைமுறைக்குரியது என்று சொல்லிவிடும். கல்லறைக் கல்லின் பாணியும் அவ்வாறே. இவ்விரண்டையும் வரைபடத்தில் இட்டபோது, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாழ்நில ஊர்களில் வாழ்வின் தடயம் திடீரென அறுந்துபோனது தெரிந்தது. மேட்டு ஊரில் மட்டும் அது தொடர்ந்தது.

ஏன் அறுந்தது என்று ஓடுகள் சொல்லா. பதில் கடலுக்குள்ளிருந்து வந்தது. அச்சேக்கு அப்பாலுள்ள சிமெலூ தீவில் புவி ஆய்வகத்தார் பவளத் திட்டுகளை ஆராய்ந்திருந்தனர். தாழ்ந்த ஓத மட்டத்துக்கு மேல் பவளம் வளராது; நிலநடுக்கம் கடற்படுகையை உயர்த்திவிட்டால் வெளியே நீட்டிய பகுதி இறந்து, இறந்த மட்டம் கல்லில் கோடாக நின்றுவிடும். யுரேனியம் காலப்போக்கில் தோரியமாகச் சிதையும் அளவைக் கொண்டு அந்தக் கோட்டின் வயதை சில ஆண்டுத் துல்லியத்தில் கணிக்கலாம். அவ்வாறு கணித்தபோது 1394ஆம் ஆண்டை ஒட்டி ஒரு பெரிய நிலநடுக்கமும் 1450ஐ ஒட்டி இன்னொன்றும் வெளிப்பட்டன. பவளத்தின் 1394, பீங்கான் ஓடுகள் காட்டிய முறிவோடு பொருந்தியது: அந்த நிலநடுக்கம் எழுப்பிய பேரலையே தாழ்நில ஊர்களை அழித்தது என்பது ஆய்வின் முடிவு.

இங்கே ஒரு வரலாற்றறிஞர் எழுந்து மறுக்க இடமுண்டு. மிங் பேரரசு 1371இல் தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்ததால் தென்கிழக்காசியா முழுவதும் சீனப் பீங்கான் அருகிப்போன காலமும் அதுவே ஆகையால், ஓடுகள் இல்லாமை மக்கள் இல்லாமையைக் காட்டுமா, வெறும் வணிகத் தடையைக் காட்டுமா என்பது நியாயமான கேள்வி. தடைதான் காரணம் என்றால் மேட்டு ஊரும் தாழ்நில ஊர்களும் ஒரே விதமாக நலிந்திருக்க வேண்டும் என்பதும், வணிகத்தோடு தொடர்பில்லாத கல்லறைக் கற்களும் அதே கதையைச் சொல்கின்றன என்பதும் அதற்கு வலுவான விடைகள். நிலநடுக்கவியல் மட்டும் அறிந்தவருக்கு இந்த ஐயமே தோன்றியிராது. பீங்கான் மட்டும் அறிந்தவருக்கு விடை தோன்றியிராது.

பேரலைக்குப் பின் வெறுமையான அந்தத் தாழ்நிலத்திலேயே பிற்பாடு மக்கள் குடியேறி, 16ஆம் நூற்றாண்டில் அச்சே சுல்தானகம் எழுச்சி பெற்றது. 2004 டிசம்பர் 26 அன்று அதே நிலத்தின்மீது கடல் மீண்டும் ஏறியபோது அச்சேயில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரும், வங்கக் கடலுக்கு இப்பால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். தெலுக் ஆயர் தர்காவுக்குப் பெயர் தந்த நாகூரின் கரையும் அம்மாவட்டத்தில் அலை தாக்கிய கரைகளுள் ஒன்று. இடைவெளி நீண்டால் மறதியும் நீளும் என்பதை அச்சேயின் கடலோரக் குகையொன்று இன்னும் கடுமையாகக் காட்டுகிறது: வௌவால் எச்சத்தின் கரிய அடுக்குகளுக்கு இடையே பேரலைகள் மட்டுமே கொண்டுவந்து போடக்கூடிய மணல் அடுக்குகள் படிந்துள்ள அந்தக் குகையில், 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் குறைந்தது 11 ஆழிப்பேரலைகள் பதிவாகியிருப்பதாக 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஒரு கட்டத்தில் இரண்டு அலைகளுக்கு இடைவெளி 2,000 ஆண்டுகளுக்கும் மேல். இன்னொரு கட்டத்தில் ஒரே நூற்றாண்டுக்குள் நான்கு அலைகள்.

சுமத்ரா தடுத்து நிற்பதால் சிங்கப்பூருக்கு இவ்வகை அலையின் அச்சம் மிகக் குறைவு. இங்குள்ள ஆபத்து மெல்ல வருவது. சைனாடவுனுக்கு அருகிலுள்ள மரினா சவுத்தில் ஆழத் துளையிட்டு எடுத்த களிமண்ணில் புதைந்திருந்த மகரந்தத் தூளையும், ஃபோராமினிஃபெரா எனப்படும் ஓடுடைய ஒற்றை உயிரணு உயிரிகளையும் ஆராய்ந்து, சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் தாழ்ந்திருந்தது என்றும், அடுத்த 2,500 ஆண்டுகளில் ஏறக்குறைய இன்றைய மட்டத்தை எட்டிவிட்டது என்றும் நன்யாங் ஆய்வாளர்கள் 2021இல் எழுதினர். அந்த இடத்தில் வளர்ந்த அலையாத்திக் காடு சில நூற்றாண்டுகளே தாக்குப்பிடித்து, பிறகு ஏறும் நீரோடு போட்டியிட முடியாமல் மூழ்கியது. இக்காலத் திட்டமிடலில் அலையாத்தியை இயற்கை அரணாகப் புகழ்வோர் இந்த ஒரு செய்தியை மனத்தில் கொள்வது நல்லது.

பல்துறை என்ற சொல்லை அலங்காரமாக ஒட்டிக்கொள்ளும் கூட்டங்களும் குறைவில்லை. நான்கு துறையினர் நான்கு உரை நிகழ்த்திவிட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் தொடாமலே கலைந்துபோவது அங்கே வழக்கம். அது பல்துறை ஆய்வு ஆகாது, பந்தி மட்டுமே ஆகும். அச்சே ஆய்வு அப்படிப்பட்டதன்று. அதில் ஒரு துறையின் சான்றைக் கழற்றிவிட்டால் மற்றத் துறைகளின் முடிவும் நிற்காது.

ஆசிய ஆய்வுக் கழகத்தின் ஆய்வுரைகள் பெரும்பாலும் கட்டணமின்றி, முன்பதிவு செய்த எவருக்கும் திறந்திருப்பவை; பல இணையம் வழியும் நடைபெறுகின்றன. நேரில் செல்ல விரும்புவோர் சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தில் வடகிழக்குத் தடத்தில் ஏறி ஹார்பர்ஃபிரண்டில் வட்டத் தடத்துக்கு மாறினால் அக்கழகம் இருக்கும் கெண்ட் ரிட்ஜை அடையலாம். 2007 நவம்பரில் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் சிங்கப்பூரில் நடத்திய மாநாட்டிலிருந்து, இராஜேந்திரனின் கடற்படையெடுப்பு குறித்த கட்டுரைகள் 2009இல் நூலாக வந்தன. அந்த நூலைத் தமிழர் பெருமையோடு மேற்கோள் காட்டுகின்றனர். அக்கடற்படை சென்ற அச்சேக் கரையின் மண்ணும் பவளமும் சொல்லும் செய்தியும் அவர்களுக்குரியதே. ஏப்ரல்தோறும் நடைபெறும் தமிழ் மொழி விழாவின் ஏற்பாட்டாளர்கள், பட்டிமன்றத்துக்கும் கவியரங்குக்கும் இடையே இந்த ஆய்வாளர்களில் ஒருவரை அழைத்து, தமிழில் மொழிபெயர்ப்போடு ஓர் ஆய்வுரையும் அதற்குச் சமமான கேள்வி நேரமும் ஒதுக்க முன்வர வேண்டும்.