சூனியக்காரிகளைத் தேடிப் போனவர் கண்டுபிடித்தது என்ன தெரியுமா?

"சூனியக்காரி! கொளுத்து!" என்று ஊரே கூச்சல் போட்ட காலத்தில், "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும் துணிச்சல் யாருக்கு வரும்? 400 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் சிலருக்கு வந்தது! அவர்கள் யார் என்று கேட்டால் அசந்துபோவீர்கள்!

முதல் ஆச்சரியம்: ஒருவர் மத விசாரணை மன்றத்தின் நீதிபதி! ஆம், ஸ்பெயினின் இன்குவிசிஷனேதான்!

1610 நவம்பரில் லோக்ரோன்யோ நகரில் சூனியக் குற்றம் சாட்டி 6 பேரை உயிரோடு எரித்தார்கள். சிறையிலேயே செத்துப்போன 5 பேரையாவது விட்டார்களா? இல்லை! அவர்களுடைய உருவப் பொம்மைகளை எரித்தார்கள்! அந்த மன்றத்தில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் அலோன்சோ டி சலசார் ஃப்ரியாஸ். அடுத்த ஆண்டே சூனியப் புகார்களை நேரில் விசாரிக்க மலைக் கிராமங்களுக்குக் கிளம்பினார். அவர் முன் வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1,802! அதில் 1,384 பேர் சின்னப் பிள்ளைகள்!

"இதுதான் பறக்க உதவும் மந்திரக் களிம்பு" என்று 22 சட்டிகள் வந்து சேர்ந்தன. சலசார் என்ன செய்தார்? விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்! ஒன்றுமே ஆகவில்லை! இன்னொன்று கேளுங்கள்: ஓரிடத்தில் இரவு சூனியக்காரிகள் கூடிக் கூத்தடித்ததாகச் சாட்சி சொன்னார்கள். அதே இரவில் அதே இடத்தில் இருந்தவர்கள் யார்? சலசாரின் எழுத்தர்கள்! அவர்கள் கண்ணில் ஈ, காக்கை கூடப் படவில்லை!

81 பேர் "நாங்கள் சொன்னது பொய்" என்று வாக்குமூலத்தையே திரும்பப் பெற்றார்கள். எழுதிக் குவித்த பக்கங்கள் 11,000-க்கும் மேல்! கடைசியில் அவர் முடிவு? ஒரே ஒரு சூனியச் செயலுக்குக்கூட ஆதாரம் இல்லை! 1614-ல் மாட்ரிட்டில் இருந்த இன்குவிசிஷன் தலைமையே அவர் வழிக்கு வந்தது. என்ன மனிதர் இவர்!

இங்கிலாந்தின் ரெஜினால்ட் ஸ்காட் முதலில் எதைப் பற்றிப் புத்தகம் எழுதினார் தெரியுமா? பீருக்கு உதவும் ஹாப்ஸ் கொடி வளர்ப்பு பற்றி! 1584-ல் அவரே சூனிய நம்பிக்கையைப் பிய்த்தெறிந்து தடித்த நூல் ஒன்றை எழுதினார். வெட்டிய தலையைத் தட்டில் வைத்துக் காட்டும் கண்கட்டு வித்தையின் ரகசியமும் அதில் உண்டு! மந்திரம் இல்லை, கைத்திறமைதான் என்று காட்டவே அந்தப் பாடம்! 1597-ல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் தானே ஒரு நூல் எழுதி அவரைச் சாடினார். அரசனே கோபப்பட்டான் என்றால் பாருங்களேன்!

ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஸ்பே என்ற பாதிரியார், சித்திரவதை செய்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்று 1631-ல் எழுதினார். புத்தகத்தில் அவர் பெயரே இல்லை! போட்டால் உயிருக்கு உத்தரவாதம் உண்டா?

ஆம்ஸ்டர்டாம் போதகர் பால்தசார் பெக்கர் 1691-ல் பிசாசின் வல்லமையையே மறுத்தார். மறு ஆண்டே பதவி பறிபோனது! ஆனால் நகர நிர்வாகம் சம்பளத்தை நிறுத்தவில்லை!

1735-ல் பிரிட்டன் சட்டத்தையே தலைகீழாக்கியது! சூனியம் செய்வது குற்றமில்லை, மந்திர சக்தி இருப்பதாக ஏமாற்றுவதுதான் குற்றம்! தண்டனை ஓராண்டுச் சிறை! ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் அந்தச் சட்டத்தில்தான் 9 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். எப்போது தெரியுமா? 1944-ல், இரண்டாம் உலகப் போரின் நடுவே!