மொட்டைப் பனையும் வாசல் கதவும்

கிளி வளர்க்கும் வீடுகளில் கேட்கும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் கடித்து வைக்கிறது. கதவு விளிம்பு, நிலை, ரிமோட் பொத்தான், செருப்பு, சார்ஜர் ஒயர் எதுவும் தப்புவதில்லை. அதட்டினால் நிறுத்தும், ஆள் நகர்ந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். சேட்டை என்று நாம் சொல்லும் இந்த வேலையைப் புரிந்துகொள்ள, புதுக்கோட்டை மாவட்டத்தின் மொட்டைப் பனைகளை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அவற்றில் மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தைத் தை, மாசி வாக்கில் பச்சைக்கிளி ஜோடி பிடித்துக்கொள்ளும். பிறகு வாயை அகலப்படுத்தி, உள்ளே சுரண்டி, முட்டையிடத் தோதாக்கும். காக்கையைப் போலக் குச்சி பொறுக்கி வருவதில்லை. பொந்துக்குள் உதிர்ந்த மரத்தூள்தான் மெத்தை. அலகு வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கொட்டை உடைப்பதிலும் மரம் கொறிப்பதிலும்தான் அது தேய்ந்து அளவாக நிற்கிறது. இரை தேடி அலைவதில் பகலின் பெரும்பகுதி கழியும்.

வீட்டில் அத்தனையும் ஒரு கிண்ணத்தில் வந்துவிடுகிறது. சில நிமிடத்தில் சாப்பாடு முடிந்தால், மீதிப் பகல் முழுக்க அந்த அலகு என்ன செய்யும்? அதிலும் இனப்பெருக்கக் காலத்தில் பீரோவுக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில், திறந்து கிடக்கும் அட்டைப்பெட்டியில் என்று இருட்டு மூலை எங்கே இருந்தாலும் அதைப் பொந்தாக எண்ணிக் குடையத் தொடங்கும். அந்த இடங்களை அடைத்துவிடுங்கள். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்கள். டிவி வெளிச்சத்தில் விழித்திருக்கும் கிளி மறுநாள் எரிச்சலோடுதான் எழும்.

கடிப்பதை நிறுத்தக் கதவில் மிளகாய்த்தூளைக் கரைத்துப் பூசுகிறவர்கள் உண்டு. அது வீண் வேலை. மிளகாயின் காரம் நம் நாக்கைச் சுடுவதுபோலப் பறவைகளைச் சுடாது. அவற்றின் நரம்பு அதை உணர்வதே இல்லை. கிளி மிளகாய்ப் பழத்தை ருசித்துத் தின்பதும் அதனால்தான். கண்ணெரிச்சல் துடைத்தெடுக்கும் நமக்குத்தான். சத்தம் போடுவதும் உதவாது. கடித்தால் ஆள் ஓடி வருகிறார் என்று கிளி கற்றுக்கொள்ளும். நகவெட்டியால் அலகு நுனியை வெட்டுவது கொடுமை. உள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அலகு உண்மையிலேயே மிகையாக வளர்ந்திருந்தால் அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கடிக்க வேறு பொருள் கொடுப்பதுதான் வழி. அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மருந்தடிக்காத கொய்யா, முருங்கை, வேம்புக் கிளைகளைப் பட்டையோடு வெட்டி, கழுவி, வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டலாம். தோகையோடு சோளக்கதிர் தரலாம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சாயம் ஏற்றாத பனையோலைக் கொட்டான். அதற்குள் தானியத்தையும் ஓரிரு கடலையையும் போட்டு, ஓலையால் மூடிக் கட்டித் தொங்கவிடுங்கள். கிளி நார் நாராகக் கிழித்து இரையை எடுக்கும். மாலையில் கொட்டான் சின்னாபின்னமாகிக் கிடந்தால் அன்றைய நாள் அதற்கு நன்றாகப் போயிருக்கிறது.

ஆலங்குடிப் பக்கம் கடலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பூசணம் பிடித்த கடலையின் நஞ்சு கிளியின் ஈரலைக் கெடுக்கும். பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் வாயைப் புண்ணாக்கும். அரளியும் எருக்கும் கூண்டருகில்கூட வேண்டாம். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், நைலான் கயிறு, துத்தநாகம் பூசிய மலிவுக் கம்பி ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். ஒயர்களைக் குழாய்க்குள் மறைத்துவிடுங்கள். கூண்டுக்கு வெளியே விடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

இதெல்லாம் காக்கடெயில், கான்யூர், ‘லவ் பேர்ட்ஸ்’ போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு. கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தே வளர்க்க வேண்டும். நம் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2023 பிப்ரவரியில் சென்னையில் நடிகர் ஒருவர் வீட்டிலிருந்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது, அபராதம் 2.5 லட்சம் ரூபாய்.

பச்சைக்கிளி வளர்க்க வேண்டாம் என்பதைச் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னைகளையும் பெருமரங்களையும் சாய்த்துவிட்டது. பரந்து கிடக்கும் தைலமரக் காடுகளோ பொந்து விழுமளவு வயதாகும் முன்பே வெட்டப்படுகின்றன. மிஞ்சிய பொந்தையும் குஞ்சு பிடிப்பதற்காக உடைத்தால், அடுத்த தையில் அந்த ஜோடிக்கு இடம் ஏது? பட்டுப்போன பனையை விறகுக்குச் சாய்க்காமல் விட்டுவைப்பது கிளிக்குச் செய்யும் பெரிய உதவி.

ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி இருந்தால் மாடியிலிருந்து பறக்கவிடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்ததற்கு இரை தேடவும் தெரியாது, வல்லூறைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். என்ன தின்று பழகியது, எவ்வளவு பறக்கும் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.