கருக்கலைப்பு வழக்குகள்: வழக்கறிஞர் பேசுவது பெண்ணுக்காகவா, சட்டத்துக்காகவா?

செங்கல்பட்டிலோ மாமல்லபுரம் கடலோரக் குப்பத்திலோ இருக்கும் ஒரு பெண், கருக்கலைப்புக்கு நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்தால், சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகணும். அங்கே அவருக்காகப் பேசப்போவது வழக்கறிஞர். ஆனா அது எப்பவும் அந்தப் பெண்ணோட குரலாவே இருக்குமா?

ரோ வழக்கில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் டெக்சாஸில் 1970-ல் நார்மா மெக்கார்வி, ‘ஜேன் ரோ’ என்ற புனைபெயரில் வழக்கு தொடர்ந்தார். அவருக்குத் தேவை கருக்கலைப்பு. வழக்கறிஞர்கள் சாரா வெடிங்டன், லிண்டா காஃபி இருவருக்கும் தேவை, சட்டத்தை எதிர்க்க ஒரு மனுதாரர். 1973 ஜனவரி 22-ல் வெற்றி கிடைத்தது. ஆனால் அதற்குள் குழந்தை பிறந்து, தத்துக் கொடுக்கப்பட்டு, இரண்டரை வயதாகிவிட்டது. வழக்கறிஞர்கள் தன்னைப் பயன்படுத்திக்கொண்டதாகப் பின்னாளில் மெக்கார்வி குறை சொன்னார். 2022-ல் அந்தத் தீர்ப்பே ரத்தானது.

இந்தியாவில்?

2009: சண்டிகரில் அரசு காப்பகத்தில் இருந்த, மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பெண்ணின் கருவைக் கலைக்க அனுமதி கேட்டது நிர்வாகம்தான். உயர் நீதிமன்றமும் சம்மதித்தது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

2022: திருமணமாகாத 25 வயதுப் பெண்ணின் மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் ஜூலை 15-ல் ஏற்க மறுத்தது. ஜூலை 21-லேயே உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. எல்லாப் பெண்களுக்குமான தீர்ப்பு செப்டம்பர் 29-ல் வந்தது. அதாவது முதலில் நிவாரணம், பிறகு சட்டம். ரோ வழக்கில் நடக்காதது இதுதான்.

2023: இரண்டு குழந்தைகளின் தாய், 26 வார கர்ப்பம். இன்னும் சில வாரம் பொறுக்க முடியுமா என அவரிடம் பேசிப் பார்க்கும்படி, அவர் வழக்கறிஞரிடமும் மத்திய அரசு வழக்கறிஞரிடமும் நீதிபதிகள் சொன்னார்கள். அவர் முடிவு மாறவில்லை. ஆனாலும் அக்டோபர் 16-ல் அனுமதி மறுக்கப்பட்டது.

நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது

* 20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புதல் போதும். 24 வாரம் வரை, குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள். இதுக்கெல்லாம் கோர்ட் அனுமதி தேவையில்லை.
* அதற்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னாலோ, தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலோ சட்டமே அனுமதிக்கிறது.
* வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கு அழைக்கலாம்.
* வழக்கறிஞரிடம் நீங்க சொல்வதை, உங்க சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது. பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் கோரலாம்.

வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்க: "எத்தனை நாளில் உத்தரவு கிடைக்கும்?" வாய்தா வாங்கலாம். ஆனா வயிற்றில் வளரும் கரு காத்திருக்காது.