ஒளி பட்டால் மடங்கும் மூலக்கூறு

வெயிலில் கறுத்து, வீட்டிற்குள் வந்ததும் தெளிந்துவிடும் மூக்குக்கண்ணாடியை நம்மில் பலர் கண்டிருப்போம். இக்காலப் பிளாஸ்டிக் கண்ணாடிகளில் இவ்வேலையைச் செய்பவை, புற ஊதா ஒளி பட்டதும் தம் வளையம் திறந்து உருமாறும் மூலக்கூறுகளே. அவற்றைப் போன்றே ஒளிக்கு இசையும் அசோபென்சீன் என்னும் பொருளைப் பற்றி இங்கு நாம் பேச விழைகின்றோம்.

இது ஆரஞ்சு நிறமுடையது. இதில் இரு பென்சீன் வளையங்களை இரு நைட்ரஜன் அணுக்கள் இணைத்து நிற்கின்றன. இயல்பில் நீட்டிய கோல் போன்றது. புற ஊதா ஒளி பட்டால் முழங்கை மடங்குவதுபோல் மடங்கும். நீல ஒளியோ வெப்பமோ கிடைத்தால் மீண்டும் நிமிரும். மடங்கிய வடிவத்தை ஜி. எஸ். ஹார்ட்லி என்பார் 1937-இல் கண்டறிந்தார்.

ஒன்று மடங்கினால் ஆவதென்ன? கோடானுகோடி மூலக்கூறுகளை ஓர் ஏட்டில் பிணைத்துவிட்டாலோ, ஏடே வளையும்! 2003-இல் ஜப்பானிய ஆய்வாளர் அத்தகைய மெல்லேட்டை ஒளியால் வேண்டிய திசையில் வளைத்துக் காட்டினர். 2008-இல் அதே வகைப் பொருளாலான பட்டை, மின்சாரமின்றி ஒளியாலேயே சிறு சக்கரங்களைச் சுழற்றியது.

எனினும், நம் உள்ளத்தைத் தொடுவது வேறொரு முயற்சி. விழித்திரையிலும் இத்தகைய மூலக்கூறு ஒன்று உண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினால் என்பதே அது. ஒளி பட்டதும் அதன் வளைவு நிமிர்கின்றது. பார்வையின் முதற்படி அதுவே. சிலருக்குப் பரம்பரைக் குறையால் ஒளி உணரும் உயிரணுக்கள் மெல்ல மடிகின்றன. முதலில் இருளில் பார்வை மங்கும். பின்னர்ப் பார்வைப் புலம் சுருங்கிக்கொண்டே போகும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இந்நோயின் சில வகைகள் மிகுதி என்பதை நாம் மறைத்தல் தகாது.

ஆனால் ஒளியுணரும் அணுக்கள் மடிந்த பின்னும், மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பணுக்கள் பல எஞ்சியிருக்கும். அவற்றினுள் அசோபென்சீன் வகை மூலக்கூறைச் செலுத்தினால், ஒளிக்கேற்ப அது மடங்கி நிமிர்ந்து அவ்வணுக்களைத் தூண்டுமன்றோ? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 2022-இல் தொடங்கிய முதற்கட்டச் சோதனையில் 6 நோயாளருக்கு இவ்வகை மருந்து கண்ணில் ஊசிவழி செலுத்தப்பெற்றது. மருந்து தீங்கற்றதா என அறிவதே அதன் முதல் நோக்கம். மருந்து நாளடைவில் கரைந்துபோவதால் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். பார்வை திரும்பிவிட்டதென்று எவருக்கும் நாம் வாக்களிக்க இயலாது.

ஒன்று மட்டும் பெற்றோர்க்கு: அந்தி மயங்கியதும் தடுமாறும் குழந்தைக்கு உள்ளது வைட்டமின் ஏ குறைவாலான மாலைக்கண்ணாயின், அதனை இன்றே குணப்படுத்தலாம். எதுவென்று கண் மருத்துவரே கூற வல்லவர்.