கால் நனைந்தே வாழும் நீர்ப்பிரமி

நீர்ப்பிரமி நிமிர்ந்து வளரும் செடியல்ல. கழிமுகம், உப்பங்கழியின் ஓரம், ஏரிக்கரைச் சேறு, வயல் வாய்க்கால் என ஈரம் வற்றாத இடங்களில் பாய் விரித்ததுபோல் படரும். தண்டும் இலையும் சதைப்பற்றானவை. இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும், காம்பு கிடையாது. நுனி வட்டமாகவும் அடி குறுகியும் இருப்பதால் ஒவ்வோர் இலையும் ஒரு சிறு கரண்டிபோலத் தோன்றும். சேற்றைத் தொட்ட கணுவெல்லாம் வேர்விடும். பூ சட்டைப் பொத்தான் அளவுதான். வெள்ளை அல்லது வெளிர்நீல நிறத்தில் ஐந்து இதழ்கள். சித்த மருத்துவத்தில் இதற்குப் பிரமி வழுக்கை என்றும் பெயர் உண்டு. பகோபா மொன்னியேரி என்ற தாவரவியல் பெயரின் பின்பாதி, 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லெ மொன்னியே என்ற பிரெஞ்சு தாவரவியலாளரைக் குறிப்பது.

நர்சரியில் பிரமி என்று கேட்டால் வல்லாரையை எடுத்துக் கொடுப்பது சகஜம். வட இந்தியாவில் இரண்டையுமே பிராமி என்று அழைக்கிறார்கள். குழப்பம் அங்கிருந்தே வருகிறது. வல்லாரை இலை நீண்ட காம்பில் குடைபோல் விரிந்து, ஓரத்தில் பல் வெட்டுடன் இருக்கும். நீர்ப்பிரமி இலை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, தடித்தது, பல் வெட்டு இல்லாதது. தரையில் படரும் சிறு பசலையும் ஏறத்தாழ இதேபோல் தெரியும் என்றாலும், அதன் தண்டு சிவப்பாகவும், பூ மஞ்சளாகவும் இருக்கும். செடி கிடைக்கவில்லையே என்று சதுப்புநிலத்துக்குப் போய்ப் பிடுங்கி வருவது தவறு. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட இடம். தெரிந்தவர் வீட்டுத் தொட்டியிலிருந்து நான்கு தண்டு கிள்ளி வந்தால் போதும்.

வீட்டில் இதற்கு எது சரியான இடம்? மற்ற செடிகள் வேரழுகிச் சாகும் மூலைதான். கை பம்பின் அடி, ஏ.சி. தண்ணீர் சொட்டும் சுவரோரம், ஆர்.ஓ. கருவியின் கழிவுநீர்க் குழாய் முடியும் இடம். இவற்றில் கடைசி இடம் தனியே பேசத் தக்கது. வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குள் பெரும்பாலும் அதைவிட அதிகமான நீரை வெளியே தள்ளிவிடும். போர் தண்ணீரின் உப்பெல்லாம் அந்தக் கழிவில் சேர்ந்திருப்பதால் ரோஜாவுக்கோ கறிவேப்பிலைக்கோ அதைத் தொடர்ந்து ஊற்ற முடியாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது, ஆர்.ஓ. கழிவில் உள்ளது அதில் சிறு பங்குதான். கடலும் ஆறும் கலக்கும் சேற்றில் வாழப் பழகிய செடிக்கு இது பொருட்டல்ல. தொட்டியில் உப்பு சேர்ந்துகொண்டே போகாமலிருக்க, அவ்வப்போது ஏ.சி. நீரோ மழைநீரோ வழிய விட்டுக் கழுவினால் சரி.

மீன் மார்க்கெட்டில் தூக்கிப் போடும் தெர்மோகோல் பெட்டி அருமையான தொட்டி. அடியில் ஓட்டை போட வேண்டாம். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே பக்கவாட்டில் மட்டும் ஒரு துளை, அதுவும் மழைநீர் வழிய. ஏரி வண்டலோ களிமண்ணோ மூன்று பங்குக்கு மக்கிய சாணம் ஒரு பங்கு கலந்து, ஒரு சாண் உயரத்துக்கு நிரப்ப வேண்டும். நர்சரியில் விற்கும் தென்னை நார்க்கழிவு இங்கே உதவாது. தண்ணீரில் மிதந்து செடியையும் தூக்கிவிடும். மண்ணைத் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்துவிட்டு, நான்கு விரல் நீளத் தண்டுகளைப் படுக்க வைத்து, நடுவே இரண்டு கணுக்கள் சேற்றுக்குள் போகும்படி விரலால் அழுத்த வேண்டும். நுனி வெளியே தெரியட்டும். சாணுக்கு ஒரு தண்டு போதும். ஒரு வாரம், பத்து நாளில் வேர் பிடிக்கும்.

தேங்கிய தண்ணீர் என்றாலே கொசு பயம் வரும். அது நியாயமானதே, டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆனால் நீர்ப்பிரமிக்கு வேண்டியது சேறு, குளம் அல்ல. மண்ணுக்கு மேல் தண்ணீர் பளபளத்து நிற்காமல், அழுத்தினால் விரல் நனையும் அளவுக்கு ஈரம் இருந்தால் கொசுவுக்கு இடமில்லை.

வெயில் எவ்வளவு படுகிறதோ அவ்வளவு நெருக்கமாகப் படரும். நிழலில் கணுவிடை நீண்டு, செடி சோகை பிடித்ததுபோல் இருக்கும். முதல் இரண்டு மாதம் கோரையைக் கையால் களைவது மட்டும்தான் உண்மையான வேலை; பாய் மூடிவிட்டால் களை தானாகக் குறையும். வடகிழக்குப் பருவமழையில் தொட்டி முழுகினாலும் கவலை இல்லை. மீன்தொட்டிக்குள் முழுக்க நீரில் வளர்க்க விற்கப்படும் செடியும் இதுவேதான். மிதித்தால் மட்டும் தாங்காது. நடைபாதைக்குப் பச்சைத் தரை வேண்டுமென்றால் பொடுதலைதான் சரி.

ஞாபகசக்திக்குப் பேர்போன மூலிகை என்பதால் பறித்துத் தின்னும் ஆசை எழும். இந்தச் செடி காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்ளக்கூடியது. கழிவுநீரில் வளர்ந்ததையும் சாக்கடை ஓரத்தில் முளைத்ததையும் வாயில் வைக்கவே கூடாது. தின்பதற்கென்றால் நல்ல மண்ணில், நல்ல தண்ணீரில் தனித் தொட்டி வேண்டும். அப்போதும் மருந்து சாப்பிட்டுக் கொண்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு.

கத்திரி வெயிலில் இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது இலையெல்லாம் கருகிக் கிடந்தால், அவசரப்பட்டுத் தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம். காய்ந்ததை ஒட்ட வெட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால், சேற்றில் பச்சையாக மிஞ்சிய கணுக்களிலிருந்து மறுபடி துளிர்க்கும்.